சிமுலேஷனில் ஓடுது, போர்டில் வெடிக்குது

குன்னூரில் கன்வெர்ட்டர் போர்டு (ஒரு வோல்ட்டேஜை இன்னொண்ணா மாத்துற மின்பலகை) வடிவமைப்பும் ரிப்பேரும்தான் என் பிழைப்பு. மலையில் இருக்கிறவங்க அனுப்பின கேள்விகளில் ஆறுக்கு இங்கே பதில்.

கேள்வி (பாலிடெக்னிக் மாணவர், ஊட்டி): சார், லேப்டாப் சார்ஜர் உள்ளங்கையில் அடங்குது. அதே 65 வாட்டுக்குப் பழைய இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் ஏன் அவ்வளவு கனம்?

பதில்: 50 ஹெர்ட்ஸில் ஒவ்வொரு அரைச் சுற்றும் 10 மில்லிசெகண்ட். அத்தனை நேரமும் வோல்ட்டேஜைத் தாங்குற அளவுக்குக் கோர், அதாவது சுருளுக்கு நடுவில் இருக்கிற காந்தக் கட்டை, வேணும். சார்ஜர் உள்ளே 100 கிலோஹெர்ட்ஸில் ஸ்விட்ச் ஆகுதுன்னு வெச்சுக்கிட்டா அது 5 மைக்ரோசெகண்ட்தான். அதுக்காக 2000 மடங்கு சின்னதாயிடாது தம்பி. சிலிக்கான் ஸ்டீல் 1.5 டெஸ்லா வரை தாங்கும். சார்ஜரில் கோரா வர்ற ஃபெரைட்டை (இரும்பு ஆக்சைடு பீங்கான்) அந்த வேகத்தில் 0.1, 0.2 டெஸ்லா தாண்டி ஓட்டினா சூடாயிடும். செம்பிலும் மின்னோட்டம் மேல்தோலோட நின்னுடும், 100 கிலோஹெர்ட்ஸில் 0.2 மில்லிமீட்டர் ஆழம்தான். லிட்ஸ் வயர்னு மயிரிழையா முறுக்கி விக்கிறது அதுக்குத்தான்.

கேள்வி (இறுதியாண்டு புராஜெக்ட், கோத்தகிரி): 48 வோல்ட்டை 12 ஆக்குற பக் கன்வெர்ட்டர், 200 கிலோஹெர்ட்ஸ். சிமுலேஷனில் அருமையா ஓடுது. போர்டில் 10 ஆம்பியர் ஏத்தினா மாஸ்ஃபெட் (ஸ்விட்ச் வேலை செய்ற டிரான்சிஸ்டர்) வெடிக்குது. மூணு போச்சு. 60 வோல்ட் மாஸ்ஃபெட்தான் போட்டிருக்கேன்.

பதில்: படம் அனுப்பினதுக்கு நன்றி, அதிலேயே குற்றவாளி தெரியுது. இன்புட் கெபாசிட்டர் மாஸ்ஃபெட்டை விட்டு நாலு விரற்கடை தள்ளி உட்கார்ந்திருக்கு. நீங்க சர்க்யூட்டில் வரையாத காயில் ஒண்ணு அந்த இடைவெளியில் இருக்கு. போய்த் திரும்புற அந்தச் சுற்றை 60 நானோஹென்றின்னு வெச்சுக்குங்க. 10 ஆம்பியர் 20 நானோசெகண்டில் அறுந்தா அதில் 30 வோல்ட் எழும். 48-ஓட 30 சேர்ந்தா 78. 60 வோல்ட் மாஸ்ஃபெட் பாவம், என்ன பண்ணும்?

மாஸ்ஃபெட்டைத் திறந்து மூடுற காலில் இருக்கிற கேட் ரெசிஸ்டரைக் கூட்டினா இந்த வோல்ட்டேஜ் துள்ளல் அடங்கும், ஆனா சூடு ஏறும். அது வலி மாத்திரை. செராமிக் கெபாசிட்டரை மாஸ்ஃபெட் காலுக்கும் டயோடு காலுக்கும் ஒட்டின மாதிரி வெச்சு, அடி லேயரில் கிரவுண்டைக் கிழிக்காம விடுங்க.

இன்னொண்ணு. ஆசிலாஸ்கோப்பில் (வோல்ட்டேஜ் அலையைத் திரையில் காட்டுற கருவி) துள்ளலைப் பார்க்கும்போது புரோபில் தொங்குற முதலை கிளிப்பைக் கழட்டிடுங்க. அந்த ஒரு சாண் வயரே ஆன்டெனா. நுனித் தொப்பியை எடுத்துட்டு, கூட வர்ற சின்ன ஸ்பிரிங்கைக் கிரவுண்டில் ஊனிப் பாருங்க. நான் முதல் வருஷத்தில் இல்லாத துள்ளலைத் துரத்தி ரெண்டு வாரம் வீணாக்கினவன்.

கேள்வி (எல்இடி விளக்கு செய்பவர், கூடலூர்): 12 வோல்ட்டை 48 ஆக்குற பூஸ்ட், 1 ஆம்பியர், காயில் 47 மைக்ரோஹென்றி. 100 கிலோஹெர்ட்ஸில் ஸ்விட்ச் ஆகுது, அதனால் கன்ட்ரோல் லூப்பை, அதாவது அவுட்புட்டைப் பார்த்துத் திருத்துற வேகத்தை, 10 கிலோஹெர்ட்ஸ் வரை இழுத்தேன். ஊசலாடிக்கிட்டே இருக்கு.

பதில்: பூஸ்ட்டோட குணம் அப்படி அண்ணே. ஸ்விட்ச் ஆன் ஆகியிருக்கும்போது அவுட்புட்டுக்குக் காயிலிலிருந்து ஒண்ணும் போகாது. வோல்ட்டேஜ் குறையுதேன்னு கன்ட்ரோலர் டியூட்டியை (ஒவ்வொரு சுற்றிலும் ஸ்விட்ச் ஆனில் இருக்கிற பங்கு) கூட்டினா, முதலில் இன்னும் குறையும், காயிலில் கரண்ட் சேர்ந்த பிறகுதான் ஏறும். சம்பளம் பத்தலைன்னவனை மேல்படிப்புக்கு அனுப்பின கதை! அதைப் பார்த்துக் கன்ட்ரோலர் பதறி இன்னும் கூட்டும். வலப்பக்க ஜீரோன்னு புத்தகத்தில் வர்றது இதுதான். உங்க லோடு 48 ஓம், டியூட்டி 0.75, கணக்குப் போட்டா அந்த ஜீரோ சரியா 10 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வருது. லூப்பை 2 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்குங்க. போதலைன்னா அவுட்புட் கெபாசிட்டரைக் கூட்டுங்க. காயில் கரண்ட்டையும் பார்த்துத் திருத்துற கரண்ட் மோடுக்கு மாறினாலும் இந்த ஜீரோ போகாது, தவிர டியூட்டி பாதிக்கு மேலே இருக்கிறதால் ஸ்லோப் காம்பன்சேஷன்னு ஊசலை அடக்குற ஒரு சரிவு அலையையும் சேர்க்கச் சொல்லும்.

கேள்வி (தேயிலை ஃபேக்டரி எலக்ட்ரீஷியன், குந்தா): விதரிங் ட்ரஃப் (தேயிலையை வாட்டுற தொட்டி) ஃபேனோட டிரைவ், அதாவது மோட்டார் வேகத்தை மாத்துற பெட்டி, கீச்சுன்னு கத்துதுன்னு அதோட ஸ்விட்சிங் வேகத்தை 4-லிருந்து 16 கிலோஹெர்ட்ஸுக்கு மாத்தினேன். சத்தம் போச்சு. இப்போ மத்தியானமானா சூட்டில் ட்ரிப் ஆகுது.

பதில்: நாலு மடங்கு தடவை ஸ்விட்ச் ஆனா ஸ்விட்சிங் நஷ்டமும் நாலு மடங்கு. 6-க்கு இறக்குங்க, ஹீட்சிங்க் தூசியை ஊதி விடுங்க. அடுத்த தடவை மோட்டாரைக் கழற்றும்போது பேரிங் வளையத்தைப் பாருங்க. துணி துவைக்கிற பலகை மாதிரி வரி வரியா இருந்தா ஷாஃப்ட் வழியா கரண்ட் பாயுது, எர்த்திங் பிரஷ் போடணும்.

கேள்வி (சோலார் இன்வெர்ட்டர் வேலை, ஊட்டி): மலை உயரத்தில் காஸ்மிக் கதிர் மாஸ்ஃபெட்டைச் சுடும்னு சொல்றாங்களே, கதையா?

பதில்: நிஜம். ஊட்டியிலேயே டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 கூடம் காஸ்மிக் கதிர் பொழிவைத்தான் அளக்குது. அங்கே எண்ணுற ம்யூவான்ங்கிற துகள் நமக்கு எமன் இல்ல, கூடவே வர்ற நியூட்ரான்தான். உயரம் ஏற ஏற அது பல மடங்கு கூடும். காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதால் பூமியோட காந்தம் நமக்குக் கொஞ்சம் குடை பிடிக்குது. ஆபத்து வோல்ட்டேஜோட செங்குத்தா ஏறும்: 1200 வோல்ட் டிவைஸை 1000-த்தில் ஓட்டாம 800-ல் ஓட்டினா நிம்மதி. எனக்கு அதைவிடக் கவலை மெலிஞ்ச காற்று, அதில் மின்சாரம் சுலபமா தாவிடும். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே. சாதாரண காப்பு இடைவெளி அட்டவணை 2,000 மீட்டரோட முடியுது.

கேள்வி (தலைக்குந்தா): பனி உறையிற காலையில் சார்ஜ் கன்ட்ரோலர் கிளம்பி கிளம்பி அணையுது. பத்து மணிக்குத் தானா சரியாகுது.

பதில்: எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர் குளிரில் விறைச்சு, உள் தடை ஏறுது. வயசான கெபாசிட்டருக்கு இது இன்னும் மோசம். ஃப்ரீசரில் அரைமணி வெச்சு, வயரை மட்டும் கதவிடுக்கில் வெளியே இழுத்து, உள்ளேயே ஓடவிட்டுப் பாருங்க. அதே கோளாறு வந்தா கெபாசிட்டரை மாத்துங்க. வெளியே எடுத்ததும் ஈரம் படியும், காயாம கரண்ட் கொடுத்துடாதீங்க.