கல்லீரல் கட்டியை லேப்ராஸ்கோப்பியில், அதாவது சின்னச் சின்னத் துளைகள் வழியே, முழுசாக எடுக்க முடியுமா, வயிற்றைத் திறப்பதுதான் பாதுகாப்பா?

அப்பாவுக்குக் கட்டி என்று தெரிந்தபோது சர்ஜனிடம் நானும் இதையேதான் கேட்டேன். "துளையா, வெட்டா என்பதெல்லாம் அப்புறம். கட்டி எங்கே உட்கார்ந்திருக்கு, மிச்சக் கல்லீரல் எப்படி இருக்கு, முதலில் அதைப் பார்ப்போம்" என்றார்.

கல்லீரலை 8 பகுதிகளாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். இடது ஓரத்திலும் முன்பக்கக் கீழ்விளிம்பிலும் இருக்கிற கட்டி துளை வழிக்குத் தோது. உதரவிதானத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும் 7, 8-ஆம் பகுதிகள் என்றால் கைதேர்ந்தவர்களே யோசிப்பார்கள். அப்பாவுக்கு 6-ஆம் பகுதியில், 4 செ.மீ.

என் பயமெல்லாம் ரத்தப்போக்குதான். ஆனால் வயிற்றை உப்பவைக்கச் செலுத்தும் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தமே கல்லீரல் சிரைகளின் கசிவை ஓரளவு அமுக்கிப் பிடிக்குமாம். கையால் தொட்டுப் பார்க்க முடியாதுதான். துளை வழியே ஒரு அல்ட்ராசவுண்ட் கருவியை விட்டு, கல்லீரல் மேலேயே வைத்துக் கட்டியின் எல்லையைப் பார்க்கிறார்கள். அவ்வளவு பெரிய துண்டு துளைக்குள் எப்படி வரும் என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். பைக்குள் போட்டு, அடிவயிற்றில் தனியாக ஒரு சின்ன வெட்டுப் போட்டு உருவிவிடுகிறார்கள்!

தழும்பு சின்னது என்பதெல்லாம் பெரிய விஷயமில்லை. அப்பாவுக்கு ஹெபடைடிஸ் பி, கூடவே ஆரம்பநிலை சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறி இறுகிப்போவது. அப்படிப்பட்டவர்களுக்கு வயிற்றுச் சுவரை நீளமாக வெட்டினால், ரத்தம் மாற்றுவழியாகப் போய்க்கொண்டிருக்கும் நாளங்களும் அறுபடும்; பிறகு வயிற்றில் நீர் கோக்கும். துளை வழியில் அந்த ஆபத்து குறைவு. எங்களுக்கு இதுதான் முடிவைத் தீர்மானித்தது.

குடலிலிருந்து கல்லீரலுக்குப் பரவிய கட்டிகளை வைத்து நார்வேயில் 280 பேரிடம் ஆய்வு செய்து 2018-இல் வெளியிட்டார்கள். சிக்கல்கள் திறந்த முறையில் 31%, லேப்ராஸ்கோப்பியில் 19%. பின்னர் பார்த்ததில் ஆயுளில் வித்தியாசம் தெரியவில்லை. கல்லீரலிலேயே தோன்றும் புற்றுக்கு இந்த எண்களை அப்படியே பொருத்தாதீர்கள்.

3 செ.மீ.க்குள் இருந்தால், ஊசியைச் செலுத்தி மைக்ரோவேவ் சூட்டில் கருக்கும் வழியையும் கேளுங்கள். பெரிய ரத்தநாளம் பக்கத்தில் ஓடினால் அது சூட்டை இழுத்துக்கொள்ளும், பலன் குறையும். ஆபரேஷனின் நடுவில் வயிற்றைத் திறக்க வேண்டி வந்தால் அது தோல்வியில்லை. நல்ல சர்ஜன் அதை முன்கூட்டியே சொல்லிவிடுவார்.

அப்பா ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். 3 மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன், கல்லீரல் புற்று திரும்புகிறதா என்று காட்டிக்கொடுக்கக்கூடிய ஏ.எஃப்.பி. என்ற புரதத்துக்கான ரத்தப் பரிசோதனை. "கட்டிதான் போயிடுச்சே, இன்னும் எதுக்கு ஹெபடைடிஸ் மாத்திரை?" என்று தினமும் முரண்டு பிடிக்கிறார். அம்மா அட்டையை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் தூங்கப் போகிறாள்.