கடலில் மறைந்த சின்னத் தாத்தாவை எங்கிருந்து தேடத் தொடங்குவது?

தூத்துக்குடியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய தாத்தாவின் தம்பி 1938 வாக்கில் பம்பாய்க்குப் போய், பிரிட்டிஷ் சரக்குக் கப்பல் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். 1941 தொடக்கத்தில் அவரிடமிருந்து கடைசிக் கடிதம் வந்தது; சில மாதங்கள் கழித்து, கப்பல் மூழ்கிவிட்டதாக ஆங்கிலத்தில் ஒரு தாள் வந்தது. அந்தத் தாளைக் கரையான் தின்றுவிட்டதால், இன்று வீட்டில் மிஞ்சியிருப்பவை ஒரு புகைப்படமும், கப்பலின் பெயர் 'சிட்டி' என்று தொடங்கும் என்ற மங்கலான நினைவும்தான். கல்லறைத் திருநாளன்று ஊரார் எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போது, பாட்டி மட்டும் கடற்கரை மணலில் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிவைப்பாராம். எந்தக் கப்பல், எந்தக் கடல், அவருடைய பெயர் எங்காவது எழுதப்பட்டிருக்கிறதா என்பவையே வாசகியின் கேள்விகள்; கோயிலில் அவருக்காகப் பூசை வைக்க ஒரு நாளும் வேண்டும் என்கிறார்.

மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எதிரித் தாக்குதலில் அந்தக் கப்பல் மூழ்கி அவர் இறந்திருந்தால், பெயர் எழுதப்பட்டிருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் கடலோடு போன இந்திய வணிகக் கப்பல் ஊழியர்கள் ஏறத்தாழ 6,000 பேரையும், அன்றைய இந்தியக் கடற்படையினர் சுமார் 400 பேரையும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் நினைவேடுகளில் பதிந்து வைத்திருக்கிறது. ஓர் ஏடு வங்காளதேசத்தின் சிட்டகாங் போர்க் கல்லறையில் இருக்கிறது. அதன் இன்னொரு படி மும்பையிலுள்ள இந்திய மாலுமிகள் இல்லத்தில் இருக்கிறது. இதே பெயர்களை ஆணையத்தின் இணையதளத்தில் கட்டணமின்றித் தேடலாம். லண்டனின் டவர் ஹில் நினைவகத்தில் அதே போரில் இறந்த சுமார் 24,000 வணிகக் கப்பல் ஊழியர்களின் பெயர்கள் வெண்கலப் பலகைகளில், போகிற வருகிறவர் கண்ணில் படும்படி பொறிக்கப்பட்டிருக்க, ஒரே கப்பலில் கரி அள்ளிப் போட்ட நம்மவர்களின் பெயர்கள் ஒரு புத்தகத்துக்குள் இருப்பது எனக்கு ஒவ்வொரு முறையும் உறுத்துகிற விஷயம். ஆயினும் பெயர் இருக்கிறது என்பதே தேடுகிறவருக்குப் பெரிய பிடிமானம்.

தேடத் தொடங்குகிறவர்களில் பெரும்பாலோர் செய்யும் தவறு, பெயரிலிருந்து தொடங்குவது. இணையதளத்தில் பெயரை அடிப்பார்கள், ஒன்றும் வராது, மனம் ஒடிந்து விட்டுவிடுவார்கள். அவர் பெயரை எழுதியவர் அவரல்ல. துறைமுக அலுவலகத்தில் இருந்த ஓர் எழுத்தர், காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். நம் கடற்கரையில் பர்னாந்து என்று சொல்லப்படுகிற பெயர், கோவாக்காரர்களின் பெயர்களை எழுதிப் பழகிய பம்பாய் எழுத்தரின் கையில் பெர்னாண்டோவாகவும் ஆகியிருக்கலாம், பெர்னாண்டஸாகவும் ஆகியிருக்கலாம். சூசை என்பது ஜோசப் ஆகியிருக்கலாம். குடும்பப் பெயர் விடுபட்டு ஞானஸ்நானப் பெயர் மட்டும் நின்றிருக்கலாம். ஆகவே கப்பலிலிருந்து தொடங்குங்கள். கப்பலின் பெயரும் அது மூழ்கிய தேதியும் கிடைத்துவிட்டால், அந்தக் கப்பலில் இறந்தவர்கள் அனைவரின் பட்டியலையும் வரிசையாகப் படித்து, எந்தப் பெயர் உங்கள் சின்னத் தாத்தாவுடையது என்று நீங்களே அடையாளம் காணலாம். நூறு பெயரைப் படிப்பது ஒரு மாலை வேலைதான்.

'சிட்டி' என்ற நினைவைச் சிறிதாக எண்ண வேண்டாம். எல்லர்மன் நிறுவனம் தன் கப்பல்களுக்கு 'சிட்டி ஆஃப்' என்று தொடங்கும் பெயர்களை வைத்தது. பிரிட்டிஷ் இந்தியா நிறுவனத்தின் கப்பல் பெயர்கள் ராஜுலா, ரோனா, திலாவா என்று பெரும்பாலும் 'ஆ' ஓசையில் முடியும். இன்னொரு நிறுவனம் எல்லாப் பெயர்களையும் 'கிளான்' என்று தொடங்கியது. எனவே வீட்டில் எஞ்சியிருக்கும் ஒரு சொல்கூட நிறுவனத்தைக் காட்டிக்கொடுக்கும். கடைசிக் கடிதம் 1941 தொடக்கம் என்பதால், 1940 செப்டம்பரில் மூழ்கிய சிட்டி ஆஃப் பெனாரஸையும் 1942 நவம்பரில் மூழ்கிய சிட்டி ஆஃப் கெய்ரோவையும் ஒதுக்கிவிடலாம். 1941 ஏப்ரல், மே மாதங்களில் அட்லாண்டிக்கில் மூழ்கிய சிட்டி ஆஃப் நாக்பூர், சிட்டி ஆஃப் வின்செஸ்டர், சிட்டி ஆஃப் ஷாங்காய் ஆகியவற்றை முதலில் பாருங்கள். ஜெர்மன் நீர்மூழ்கிகள் தாக்கிய கப்பல்களைத் தேதி வாரியாகத் தரும் யு-போட் இணையதளம் இதற்கு மிகவும் உதவும். ஆனால் விமானக் குண்டிலோ, கண்ணிவெடியிலோ, ஜப்பானியக் கப்பல்களாலோ மூழ்கியவற்றுக்கு அந்தத் தளம் போதாது. அவற்றுக்கு லண்டனின் கப்பல் காப்பீட்டுச் சந்தையான லாய்ட்ஸ் தொகுத்த போர்க்கால இழப்புப் பதிவைப் பார்க்க வேண்டும்.

இதற்கு முன் வீட்டிலேயே இன்னும் இரண்டு இடங்களில் தேடுங்கள். ஒன்று, அந்தப் புகைப்படத்தின் பின்புறம். போர்க்காலத் தணிக்கையின் காரணமாகக் கடிதங்களில் கப்பலின் பெயரும் துறைமுகமும் இருக்காது. ஆனால் படம் எடுத்த ஸ்டுடியோவின் முத்திரை, லிவர்பூல் என்றோ கிளாஸ்கோ என்றோ, பின்னட்டையில் நின்றிருக்கும். மற்றொன்று, பழைய மணியார்டர் துண்டுகள். அனுப்புநராகக் கப்பல் நிறுவனத்தின் முகவர் பெயர் அதில் இருக்கக்கூடும். பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்து அவருடைய முழுப்பெயர், தந்தையின் பெயர், பிறந்த ஆண்டு ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்தியக் கப்பல் ஊழியர்களின் ஒப்பந்தங்களில் தந்தையின் பெயரும் ஊரும் எழுதப்படுவது வழக்கம் என்பதால், ஒரே பெயரில் மூவர் இருந்தாலும் தந்தை பெயரே தீர்ப்புச் சொல்லும்.

பட்டியலைப் படிக்கும்போது பதவிச் சொற்கள் உங்களைக் குழப்பக் கூடாது. கப்பலின் மேல்தளத்தில் வேலை செய்தோர் செராங்கின், அதாவது ஊழியர் தலைவரின், கீழும், எஞ்சின் அறையில் வேலை செய்தோர் எஞ்சின் செராங்கின் கீழும் இருந்தார்கள். செராங்குக்கு அடுத்த நிலையிலிருந்தவர் டிண்டல். தூத்துக்குடித் தோணியில் நாம் தண்டல் என்று சொல்கிறோமே, அதே சொல்தான். பண்டாரி என்றால் சமையல்காரர் என்பது தோணிக்காரர் வீட்டில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மேசைப் பணியாளர்களும் பட்லர்களும் மூன்றாவது பிரிவு. அதில் பெரும்பாலோர் கோவாக் கத்தோலிக்கர்கள். போர்த்துகீசியப் பெயர் கொண்ட ஒரு தூத்துக்குடிக்காரரை அவர்களுக்கு நடுவிலும் மறக்காமல் தேடுங்கள்.

கப்பல் உறுதியானால் அடுத்த படி, அதன் அதிகாரபூர்வ எண். பிரிட்டனில் பதிவான ஒவ்வொரு கப்பலுக்கும் ஓர் எண் உண்டு. கப்பலின் பெயர் மாறினாலும் அது மாறாது. கப்பல் ஊழியர் பட்டியல்களுக்கென்றே தன்னார்வலர்கள் நடத்தும் கிளிப் இணையதளத்தில் பெயரைக் கொடுத்து எண்ணைப் பெறலாம். லண்டனை அடுத்த கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், போர்க்கால ஊழியர் ஒப்பந்தங்களும் கப்பல் நாட்குறிப்புகளும் 'பி.டி. 381' (BT 381) என்ற வரிசையில் இந்த எண்ணின்படியே அடுக்கப்பட்டிருக்கின்றன. அங்கே நேரில் போக முடியாதவர்கள் கட்டணம் செலுத்தி நகல் கேட்கலாம். கேட்கும்போது ஆசிய ஊழியர்களின் ஒப்பந்தம் வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள், ஏனெனில் அது ஐரோப்பிய ஊழியர்களின் ஒப்பந்தத்திலிருந்து தனித் தாளாக இருக்கும். உயிர் தப்பியவர்களிடம் கடற்படை அதிகாரிகள் எடுத்த வாக்குமூலங்கள் 'ஏ.டி.எம். 199' (ADM 199) வரிசையில் உள்ளன. அவற்றைப் படிக்க மனத்தைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும். பேசியவர்கள் பெரும்பாலும் வெள்ளை அதிகாரிகள். இந்திய ஊழியர்கள் அங்கே பல இடங்களில் பெயரின்றி, எண்ணிக்கையாக மட்டுமே வருவார்கள். ஆனாலும் எத்தனை மணிக்குத் தாக்குதல் நடந்தது, எத்தனை படகுகள் இறங்கின, கடல் எப்படி இருந்தது என்பதை வேறெங்கும் இவ்வளவு நெருக்கமாக அறிய முடியாது.

ஒரு கப்பலை உதாரணமாகச் சொல்கிறேன். பிரிட்டிஷ் இந்தியா நிறுவனத்தின் கெர்சோப்பா, 1940 டிசம்பரில் கல்கத்தாவிலிருந்து வெள்ளியும் தேயிலையும் ஏற்றிப் புறப்பட்டது. மோசமான வானிலையில் நிலக்கரி குறைந்துபோகவே, கூட்டாகச் சென்ற கப்பல்களிலிருந்து பிரிந்து அயர்லாந்தை நோக்கித் திரும்பியது. 1941 பிப்ரவரி நடுவில் ஒரு நீர்மூழ்கி அதை மூழ்கடித்தது. கப்பலிலிருந்த 80க்கும் மேற்பட்டோரில் பெரும்பாலோர் இந்தியர்கள். ஒரு படகு மட்டும் 13 நாள் அலைந்து இங்கிலாந்தின் தென்மேற்கு முனையிலுள்ள லிசார்ட் கரையை அடைந்தபோது, அலையில் கவிழ்ந்தது. இரண்டாம் அதிகாரி ஒருவர் மட்டுமே பிழைத்தார். கரை ஒதுங்கிய சில உடல்கள் அருகிலுள்ள லாண்டிவெட்னாக் தேவாலய வளாகத்தில் புதைக்கப்பட்டன. 2011இல் அந்தக் கப்பல் கடலடியில் கண்டுபிடிக்கப்பட்டது. அதனுள்ளிருந்து 700க்கும் மேற்பட்ட கடிதங்கள், உரியவர்களுக்குச் சேராமலே கிடந்தவை, படிக்கும் நிலையில் மேலே வந்தன. இப்படி ஒரே கப்பலின் கதை நினைவேட்டிலும், ஒரு கிராமத்துக் கல்லறையிலும், கடலடியிலும் சிதறிக் கிடக்கிறது. கப்பலைப் பிடித்தால்தான் இவை அனைத்தும் ஒன்றுசேரும்.

கப்பல் கிடைத்தும் நினைவேட்டில் பெயர் இல்லையென்றால் மூன்று காரணங்களை எண்ணிப் பாருங்கள். வணிகக் கப்பல் ஊழியர்களைப் பொறுத்தவரை, போரின் விளைவாக இறந்தவர்களையே ஆணையம் பதிகிறது. கப்பலில் காய்ச்சல் வந்தோ, சாதாரண விபத்திலோ இறந்தவர் அதில் இருக்கமாட்டார், ஆனால் கடலில் இறந்தோருக்கான பிரிட்டிஷ் பதிவேடான 'பி.டி. 334' வரிசையில் இருக்கலாம். இரண்டாவது, அவர் பிடிபட்டிருக்கலாம். ஜெர்மானியர் பிடித்த வணிகக் கப்பல் ஊழியர்களை பிரேமன் நகருக்கு அருகே மிலாக் நோர்ட் முகாமில் வைத்திருந்தார்கள். இந்தியர்களும் அங்கே இருந்தார்கள். மூன்றாவது, வெறும் எழுத்துப் பிழை அல்லது விடுபாடு. ஒப்பந்த நகல், ஞானஸ்நானச் சான்று போன்ற ஆதாரங்களுடன் எழுதினால் ஆணையம் பரிசீலிக்கிறது.

தேதியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நினைவேட்டில் இருக்கும் தேதி, பெரும்பாலும் கப்பல் தாக்கப்பட்ட தேதி. படகில் ஏறியவர் அதற்குப் பிறகும் பல நாள் உயிரோடு இருந்திருக்கலாம். கோயிலில் பூசைக்கு ஒரு நாள் வேண்டும் என்று நீங்கள் கேட்டிருந்தீர்கள். ஏட்டிலுள்ள நாளையே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பாட்டியிடம் சொல்லுமுன் படகுகள் பற்றிய வாக்குமூலத்தை நீங்கள் ஒரு முறை தனியாகப் படித்துவிடுங்கள். அதில் எதை, எவ்வளவு சொல்லலாம் என்பது அவரை அறிந்த உங்களுக்கே தெரியும்.