காவேரியா, காவிரியா? பெண் குழந்தையின் பெயர் பற்றிக் கேள்வி பதில்

காவேரி என்ற பெயரின் பொருள், வரலாறு, எழுத்து, பதிவு பற்றி மட்டும் கேளுங்கள்.

பென்னாகரம், முதல் குழந்தையின் அப்பா: ஐயா, பாப்பா பிறந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. காவேரி என்று வைக்க எங்கள் அம்மாவுக்கு ஆசை. பொருள் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில்: வழக்கில் மூன்று விளக்கங்கள் உண்டு. கா என்றால் சோலை; போகும் வழியெல்லாம் சோலையை விரிப்பதால் காவிரி என்பது ஒன்று. கவேரன் என்பவரின் மகள் என்பதால் காவேரி என்பது இன்னொன்று. இதற்கு மணிமேகலையிலேயே சான்று இருக்கிறது. காவிரிப் பாவையின் தந்தை கவேரன் என்றும், அவர் இருந்த இடம் கவேர வனம் என்றும் அது சொல்கிறது. அதே நூலின் பதிகத்தில், சோழன் காந்தமன் வேண்ட அகத்தியர் கரகத்தைக் கவிழ்த்தார், அதிலிருந்து ஆறு வந்தது என்ற கதையும் வருகிறது. பிள்ளையார் காக்கை உருவில் வந்து கவிழ்த்ததாகக் கந்தபுராணம் சொல்லும். அதை வைத்துக் 'காகம் விரித்ததால் காவிரி' என்பது மூன்றாவது விளக்கம். பிள்ளைக்குச் சொல்ல அருமையான கதை, ஆனால் பெயரின் பொருள் என்று அதை எழுதிவிடாதீர்கள். 'சோலை விரிக்கும் ஆறு' என்றே சொல்லிக்கொடுங்கள். மழை பொய்த்தாலும் தான் பொய்க்காதது காவிரி என்கிறது பட்டினப்பாலை. ஒரு பெண் பிள்ளைக்கு இதைவிட நல்ல வாழ்த்து எது?

ஊருக்கும் பொருந்துகிற பெயர். பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, ஒகேனக்கல்லில் விழுந்து, உங்கள் வட்டாரத்தைத் தொட்டுத்தான் அந்த ஆறு மேட்டூருக்குப் போகிறது.

ஒரு எச்சரிக்கை. எழுத்தை முடிவு செய்த பிறகே பதிவாளரிடம் போங்கள். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயரை உடனே கொடுக்கவேண்டிய கட்டாயம் இல்லை. 12 மாதம் வரை கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதன் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். ஒரு முறை ஏறிய பெயரைப் பிறப்புச் சான்றிதழில் வேறு பெயராக மாற்ற முடியாது.

அரூர், குழந்தையின் தாய்மாமன்: பிரசவம் தருமபுரி அரசு மருத்துவமனையில். பெயர் சேர்க்க அரூரில் கொடுத்தால் போதுமா?

பதில்: போதாது. குழந்தை பிறந்த இடத்துப் பதிவாளரிடம்தான் கொடுக்க வேண்டும், வசிக்கும் ஊரில் அல்ல. பலரும் இதில்தான் இரண்டு தடவை அலைகிறார்கள்.

பாலக்கோடு: எண் கணிதப்படி எத்தனை எழுத்து வர வேண்டும்?

பதில்: அது என் துறை இல்லை.

ஓசூர், தமிழாசிரியர்: காவிரி என்பதே தமிழ். காவேரி கன்னடத்தார் உச்சரிப்பு; அந்தப் பிழையை ஏன் பிள்ளையின் தலையில் ஏற்றுகிறீர்கள்?

பதில்: பிழை இல்லை ஐயா. சிலப்பதிகாரத்தின் மங்கல வாழ்த்தில் 'காவிரி நாடன்' என்று வருகிறது. அதே நூலின் கானல்வரியில் 'நடந்தாய் வாழி காவேரி' என்று வருகிறது. ஒரே காப்பியம் இரண்டையும் ஆள்கிறது.

ஓசூர், மீண்டும்: கானல்வரி இசைப்பாட்டு. ஓசைக்காக நீட்டியிருப்பார்.

பதில்: ஓசைக்காகவே இருக்கட்டும். பெயரும் வாய்விட்டுக் கூப்பிடத்தானே வைக்கிறோம்? இளங்கோவடிகள் ஆண்ட வடிவத்தைப் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வராது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே வீட்டில் புழங்கும் ஊர் ஓசூர். கன்னடத்திலும் தெலுங்கிலும் காவேரி என்றே எழுதுகிறார்கள். பாட்டி ஒன்றாகவும் வாத்தியார் ஒன்றாகவும் கூப்பிடாமல் இருக்க அங்கே காவேரிதான் வசதி. தஞ்சைப் பக்கம் உறவு அதிகமென்றால் காவிரி என்றே வையுங்கள், அதுவும் அழகு.

தேன்கனிக்கோட்டை: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். காவேரி ஆண் பெயர் இல்லையா? எங்கள் பக்கம் பெரியவர்கள் சிலருக்கு அந்தப் பெயர் இருக்கிறது.

பதில்: இருவருக்கும் வைப்பார்கள். காவேரியம்மாள், காவேரியப்பன் என்று விகுதி சேர்த்துப் பிரிப்பதும் உண்டு. குடகில் ஆற்றையே குலதெய்வம்போல் கும்பிடுவதால் அங்கேயும் ஆணுக்குக் காவேரியப்பா, பெண்ணுக்குக் காவேரம்மா. பாட்டி தலைமுறையில் 'அம்மாள்' ஒட்டிக்கொண்டு வந்தது. இப்போது வைப்பவர்கள் வெறும் காவேரி என்றே வைக்கிறார்கள், அதுவே பெண் பெயராகத் தெளிவாகப் புரிகிறது.

ஓசூர், மூன்றாம் முறை: சங்க நூலில் காவேரி உண்டா?

பதில்: பட்டினப்பாலையில் இருப்பது காவிரி. பழமையில் காவிரிக்குத்தான் முதலிடம், அதில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. பழையது ஒன்று இருப்பதால் மற்றது பிழையாகிவிடாது என்பதே என் வாதம்.

காவேரிப்பட்டணம்: எங்கள் ஊர்ப் பெயரே இது, அதனால் வைக்கலாம் என்கிறார் மாமனார். ஆறு எங்கள் ஊரில்தானே ஓடுகிறது?

பதில்: உங்கள் ஊரில் ஓடுவது தென்பெண்ணை. பூம்புகாரான காவிரிப்பூம்பட்டினமும் வேறு ஊர். பெயரைத் தாராளமாக வையுங்கள், காரணத்தை மட்டும் சரியாகச் சொல்லுங்கள்.

மொரப்பூர்: காவ்யா என்பது காவேரியின் சுருக்கமா?

பதில்: இல்லை. அது காவியத்திலிருந்து வந்தது.

ஊத்தங்கரை: நட்சத்திர எழுத்து 'கா' வருமா? எண் கணிதமும் பார்த்துச் சொல்லுங்கள்.

பதில்: மிருகசீரிடத்துக்குச் சொல்லும் எழுத்துகளில் 'கா' உண்டு. எண் கணிதத்துக்குப் பாலக்கோட்டுக்காரருக்குச் சொன்னதே பதில்.

தருமபுரி: அதியமான் ஊர்க்காரர்கள் நாங்கள். ஔவை என்று வைக்கலாமா?

பதில்: வையுங்கள், தகடூருக்கு மிகவும் உரிய பெயர். ஔவை, அவ்வை இரண்டில் ஒன்றை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

பர்கூர்: ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது? எண் கணிதக்காரர் ஒரு 'ஏ' கூடுதலாகப் போடச் சொல்கிறார்.

பதில்: போடாதீர்கள். 'கே'யில் தொடங்கி கே, ஏ, வி, இ, ஆர், ஐ என்று ஆறு எழுத்து போதும். 'சி'யில் தொடங்கும் பழைய ஆங்கிலேயர் எழுத்தை வெளிமாநிலத்தில் 'காவ்ரி' என்று படித்துவிடுவார்கள். கூடுதல் எழுத்து பிறப்புச் சான்றிதழில் ஏறி, ஆதாரில் விடுபட்டு, பள்ளிச் சான்றிதழில் இடம் மாறினால் பிற்பாடு கடவுச்சீட்டு எடுக்கும்போது அகப்பட்டுக்கொள்வது உங்கள் பெண்தான். பிறப்புச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டே ஆதாருக்குப் பதியுங்கள். பள்ளியில் சேர்க்கும்போதும் வாயால் சொல்லாமல் அதைக் காட்டி எழுதச் சொல்லுங்கள்.

நல்லம்பள்ளி: ஐயா, சான்றிதழில் 'காவெரி' என்று குறிலாக அச்சாகிவிட்டது. இனி ஒன்றும் செய்ய முடியாதா?

பதில்: முடியும். எழுத்துப்பிழைத் திருத்தம் வேறு, பெயர் மாற்றம் வேறு. பதிந்த அதே பதிவாளரிடம் பெற்றோர் அடையாளச் சான்றோடு விண்ணப்பியுங்கள். பெயரையே மாற்ற நினைப்பவர்கள்தான் தமிழ்நாடு அரசிதழில் அறிவிப்பு வெளியிட வேண்டும். பள்ளியில் சேர்ப்பதற்கு முன்பே திருத்திவிடுங்கள். அதன் பிறகென்றால் திருத்தவேண்டிய தாள்கள் பெருகிவிடும்.