நண்பர்கள் குழுவாக நெடுந்தொலைவு மிதிவண்டிப் பயணம்: கேள்வி பதில்

கேள்வி: நாங்கள் ஆறு நண்பர்கள் 200 கிலோமீட்டர் பயணத்திற்குத் திட்டமிடுகிறோம். எங்களுள் இருவர் நல்ல வேகத்தில் ஓட்டுபவர்கள். ஒருவர் மிக மெதுவாக ஓட்டுபவர். அனைவரும் சேர்ந்தே முடிக்க இயலுமா?

பதில்: இயலும். ஆனால் சேர்ந்தே முடிப்போம் என்பதைப் புறப்படும் முன்பே அனைவரும் வாய்விட்டுச் சொல்லி ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். பாதி வழியில் எடுக்கும் முடிவு யாரேனும் ஒருவரின் மனத்தைப் புண்படுத்திவிடும். மெதுவாக ஓட்டுபவர் எந்த வேகத்தில் மூச்சிரைக்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதோ, முதல் மூன்றில் ஒரு பங்கு தொலைவுக்கு அதுவே குழுவின் வேகம். தொடக்க உற்சாகத்தில் எல்லோருக்கும் கால்கள் இலேசாகத்தான் இருக்கும். அப்போது மிகையாக மிதித்ததன் களைப்பு பிற்பகலில் முதலில் அவரைத்தான் தாக்கும்.

அவரை வரிசையின் கடைசியில் விடுவது பரவலாகக் காணப்படும் தவறு. முன்னால் செல்பவர் வேகத்தைச் சற்றே கூட்டிக் குறைத்தாலும் அந்த மாற்றம் பின்னால் போகப் போகப் பெருகும் என்பதால், கடைசியில் இருப்பவர் பிரேக் பிடிப்பதும் எட்டிப் பிடிக்க விரைவதுமாகவே ஓய்ந்துபோவார். அவர் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வரட்டும். வலுவான ஒருவர் கடைசியில் வரட்டும். மேடுகளில் அவரவர் வேகத்தில் ஏறி உச்சியில் காத்திருப்பதே நல்லது. அங்கே நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது ஒன்று உண்டு: கடைசி ஆள் வந்து சேர்ந்தவுடனேயே கிளம்பிவிடாதீர்கள். காத்திருந்தவர்கள் எல்லாம் இளைப்பாறியிருப்பார்கள். இளைப்பாறியே ஆக வேண்டியவருக்கு மட்டும் ஒரு நிமிடமும் கிடைக்காமல் போய்விடும்.

கேள்வி: ராண்டனரிங் (குறித்த நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய, போட்டியல்லாத நெடுந்தொலைவு மிதிவண்டிப் பயணம்) விதிகளின்படி 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம் தரப்படுகிறது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் குழுவுக்கு அது தாராளமாகப் போதுமல்லவா?

பதில்: கணக்குப்படி போதும்: ஓட்டும் நேரம் 10 மணி, எஞ்சியது மூன்றரை மணி. குழுக்களின் நேரம் பெரும்பாலும் சாலையில் கரைவதில்லை, நிறுத்தங்களில்தான் கரைகிறது. ஒருவர் உண்டு முடித்து எழும்போது இன்னொருவர் கழிப்பறைக்குச் செல்வார். அவர் திரும்பும்போது மூன்றாமவர் தண்ணீர் நிரப்பத் தொடங்குவார். ஐந்து நிறுத்தங்களில் பத்து நிமிடம் வீதம் கூடினால் 50 நிமிடம் போய்விடும். அதை மிதித்தே ஈடுகட்ட வேண்டுமானால் சராசரி வேகம் 20-இலிருந்து ஏறத்தாழ 22-ஆக உயர வேண்டும். காற்றுத் தடையை வெல்வதற்கான திறன் வேகத்தின் முப்படிக்கேற்ப உயர்வதால், அந்த இரண்டு கிலோமீட்டருக்காகக் காற்றை எதிர்த்து மட்டும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக உழைக்க நேரிடும். ஆகவே இறங்கியதும் தண்ணீர், கழிப்பறை ஆகியவற்றை முடித்துவிட்டுப் பிறகே அமர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரத்தைக் கவனித்துச் சொல்லும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படையுங்கள். 300 கிலோமீட்டருக்கு 20 மணியும், 400-க்கு 27 மணியும், 600-க்கு 40 மணியும் வரம்பு என்பதால், தொலைவு கூடும்போது உறக்கமும் இதே நேரத்திற்குள்தான் அடங்க வேண்டும்.

கேள்வி: ஒருவர் பின் ஒருவராக நெருங்கிச் செல்வதால் உண்மையிலேயே பயன் உண்டா?

பதில்: மிகுதியாக உண்டு. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில், சமதரையில், நெருங்கிப் பின்தொடர்பவருக்கு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு உழைப்பு மிச்சமாகும். ஆயினும் பழகாதவர்கள் ஒரு மிதிவண்டி நீளமாவது இடைவெளி விடட்டும். உங்கள் முன்சக்கரம் அடுத்தவரின் பின்சக்கரத்திற்குப் பக்கவாட்டில் ஒருபோதும் செல்லக் கூடாது; சக்கரங்கள் உரசினால் விழுபவர் பெரும்பாலும் பின்னால் வருபவரே. முன்னிலை ஏற்பவர் தம் வலுவைக் காட்ட வேகம் கூட்டாமல் இருந்தால் போதும், வரிசை குலையாது.

கேள்வி: பயணத்தின்போது எவ்வளவு உண்ண வேண்டும்? தாகம் இல்லாவிட்டாலும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டுமா?

பதில்: பசிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். முதல் மணி நேரத்திலிருந்தே மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே செல்லட்டும். வீட்டில் பழகிப் பார்க்காத எந்த உணவையும் அன்று புதிதாக முயல வேண்டாம். தண்ணீரில் மட்டும் இன்னும் கூடுதல் கவனம் தேவை. வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலியும் குமட்டலும் குழப்பமும் வரக்கூடும். அதை நீரிழப்பு என்று எண்ணி மேலும் குடிக்கச் செய்வது ஆபத்தானது. தாகத்திற்கேற்பக் குடியுங்கள், உப்புள்ள உணவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான்கு மணி நேரத்திற்குப் பிறகு என் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகின்றன. ஏன்?

பதில்: உள்ளங்கையின் ஓரமாகச் செல்லும் அல்நார் நரம்பு கைப்பிடியில் அழுந்துவதே பெரும்பாலும் காரணம். பிடியைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாற்றுங்கள், முழங்கைகளைச் சற்று மடக்கியே வையுங்கள். இருக்கையின் முனை கீழ்நோக்கிச் சாய்ந்து உடல் எடையைக் கைகளில் தள்ளுகிறதா என்றும் பாருங்கள். மரப்பு மறுநாளும் நீடித்தால் மருத்துவரைக் காண வேண்டும்.

கேள்வி: ஆறு பேரும் எல்லாக் கருவிகளையும் சுமக்க வேண்டுமா?

பதில்: தேவையில்லை. செயின் கருவியும் பம்பும் பொதுவில் இருக்கலாம். பம்பு எல்லோருடைய வால்வுக்கும் பொருந்துமா என்று முன்னரே சோதியுங்கள். டியூப் மட்டும் அவரவர் சக்கர அளவில் அவரவரிடமே இருக்கட்டும்.

கேள்வி: 150 கிலோமீட்டரில் ஒருவர் "இனி என்னால் முடியாது" என்றால் என்ன செய்வது?

பதில்: முதலில் அவரை நிழலில் அமர்த்தி, என்ன செய்கிறது என்று கேளுங்கள். பேச்சு குழறினாலோ, நடை தள்ளாடினாலோ, உடல் கொதித்தாலோ பயணம் அங்கேயே முடிந்தது. உடலைக் குளிர்வித்தபடி மருத்துவ உதவியை அழைக்க வேண்டும். முழங்காலில் கூர்மையான வலி கூடிக்கொண்டே சென்றாலும் ஊக்கமூட்டிப் பேசி ஏற்றிவிடாதீர்கள். இவை எதுவும் இல்லாமல் சோர்வும் எரிச்சலும் மட்டுமே என்றால், பெரும்பாலும் அது உண்ணாததன் விளைவு. இனிப்பாக ஏதேனும் உண்டு இருபது நிமிடம் அமர்ந்த பிறகு மீண்டும் கேட்டால் பதில் மாறியிருக்கக் கூடும். மாறாவிட்டால் அவருடன் ஒருவர் தங்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதையும் புறப்படும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். களைத்துப்போன ஆறு பேரால் சாலையோரத்தில் நின்று அதை நியாயமாகப் பேசித் தீர்க்க முடியாது.