அமெரிக்கக் கல்லூரிகளின் ஆங்கில மொழி, பண்பாட்டுப் படிப்பு எதைக் கற்றுத் தருகிறது?

பட்டப்படிப்பில் சேராமல் ஓரிரு பருவங்களுக்கு மட்டும் அமெரிக்கா செல்லும் மாணவருக்கு, இப்படிப்பு இலக்கணத்தைத் தாண்டி எதைத் தரும் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பயன் வகுப்பறைப் பண்பாட்டில்தான் இருக்கிறது. அங்கே பேராசிரியரின் கருத்தை மறுத்துப் பேசுவது பொதுவாக அவமதிப்பாகக் கொள்ளப்படுவதில்லை என்பதால், 'நீங்கள் சொல்வது புரிகிறது, ஆனாலும்' என்று தொடங்கி மாற்றுக் கருத்தை முன்வைக்கவும், பேராசிரியர் மாணவர்களுக்கென ஒதுக்கியுள்ள நேரத்தில் தயங்காமல் சென்று ஐயம் கேட்கவும் பழக்குகிறார்கள். பிறர் எழுதியதை மூலம் குறிப்பிட்டு எடுத்தாளும் முறையை இவற்றினும் முக்கியமாகக் கருதுகிறேன். அதில் தெரியாமல் தவறினாலும் கருத்துத் திருட்டு என்று நடவடிக்கை வரலாம். எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் மொழி பயில்வோர், வகுப்பறைப் பாடமே பெரும்பகுதியானால், வாரத்துக்குக் குறைந்தது 18 மணி நேரம் படிக்க வேண்டும். சுற்றுலா விசாவில் இத்தகைய முழுநேரப் படிப்பில் சேர அனுமதியில்லை.