வாசகர் கேள்வி – பதில்: இரவுக் கச்சேரியைப் படமெடுப்பது எப்படி?

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் சுவாமி புறப்பாட்டின்போது நாகசுரமும் தவிலும் வாசிப்பவர்களைப் படமெடுக்க மூன்று ஆண்டுகளாக முயன்று வருகிறேன். ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தால் படம் கலங்குகிறது. ஃபிளாஷ் போட்டால் முகம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளிறிவிடுகிறது. என்னிடம் இருப்பது கேமராவுடன் வந்த 18–55 லென்ஸ். புதிய கேமரா வாங்கத்தான் வேண்டுமா?
– ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: கேமராவை மாற்ற வேண்டாம், லென்ஸை மாற்றுங்கள். உங்கள் லென்ஸை 55 மி.மீ. வரை நீட்டும்போது ஒளி நுழையும் அதன் துளை எஃப் 5.6 அளவுக்குச் சுருங்கிவிடுகிறது (எஃப் எண் கூடக் கூடத் துளை சிறிதாகும்). அதற்குப் பதிலாக, பெரும்பாலான நிறுவனங்கள் எளிய விலையில் விற்கும் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸைப் பொருத்தினால், ஏறத்தாழ பத்து மடங்கு ஒளி உள்ளே வரும். நேற்று வரை 1/15 நொடி ஷட்டரில் தடுமாறிய இடத்தில், அதே ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளியுணர்வு) அளவிலேயே 1/150 நொடியில் எடுக்கலாம். கலங்கிய முகத்துக்கும் தெளிந்த முகத்துக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இதுதான்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. மூன்று மீட்டர் தொலைவில் நின்று எஃப் 1.8-இல் எடுக்கும்போது, தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய ஒரு சாண்தான். நாகசுரம் வாசிப்பவரின் கண் தெளிவாக இருந்தால், அணசு (குழலின் விரிந்த அடிவாய்) மங்கித்தான் தெரியும். ஆகவே ஃபோகஸைக் கண்ணில் வையுங்கள். தவில்காரரும் அதே சட்டத்துக்குள் வர வேண்டுமென்றால் துளையை எஃப் 2.8-க்குச் சுருக்கி, ஐ.எஸ்.ஓ.வை 3200-இலிருந்து 6400-க்கு ஏற்றிக்கொள்ளுங்கள். புள்ளி புள்ளியாகத் தெரியுமே என்று பலர் அஞ்சுகிறார்கள். இருட்டாக எடுத்துவிட்டுப் பிறகு கணினியில் வெளிச்சம் கூட்டினால்தான் புள்ளிகள் மிகுதியாகின்றன. எடுக்கும்போதே போதிய ஒளியுடன் எடுத்த 6400 படத்தை ஆல்பம் அளவில் அச்சிட்டால் அவை கண்ணை உறுத்துவதில்லை.

ஃபிளாஷை முற்றிலும் அணைத்துவிடுங்கள். ஃபோகஸுக்காகக் கேமராவின் முன்புறம் எரியும் சிறு விளக்கையும் சேர்த்தே சொல்கிறேன். கண்ணை மூடி ராகத்தில் ஆழ்ந்திருப்பவரின் முகத்தில் ஒளியைப் பாய்ச்சுவது அவமதிப்பு என்பதே என் கருத்து. அதைத் தவிர, புறப்பாட்டில் தீவட்டியின் ஒளி பக்கவாட்டிலிருந்து விழுந்து கன்னத்தின் மேட்டையும் கழுத்து நரம்பையும் எடுத்துக்காட்டுகிறது. நேரெதிரில் அடிக்கும் ஃபிளாஷ் அந்த நிழலையெல்லாம் அழித்துவிடுகிறது. தீவட்டி இருக்கும் பக்கத்தைப் பார்த்து, அதன் ஒளி முகத்தின் ஒரு பாதியில் விழும்படி உங்கள் இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். மறுபாதி இருளில் மூழ்கினால் மூழ்கட்டும், அது இரவுதானே.

எல்லாவற்றிலும் முக்கியமானது, எப்போது அழுத்துவது என்பது. தவிலில் குச்சி விழும் நொடியில் கை மிக வேகமாக இயங்குகிறது. ஓங்கிய கை உச்சியில் திரும்பும் நொடியிலோ ஏறக்குறைய நின்றேவிடுகிறது. நாகசுரக்காரர் நீண்ட கார்வையில் (ஒரே சுரத்தை நீட்டிப் பிடிப்பதில்) நிற்கும்போது, கன்னம் உப்பி, புருவம் ஏறி, உடல் அசையாமல் இருக்கும். அந்த நேரத்தில் 1/60 நொடிகூடப் போதும். கோர்வை (கோத்து வாசிக்கும் தாளக் கணக்கு) முடிந்து, சமத்தில், அதாவது தாளத்தின் தொடக்க அடியில், வந்து சேர்ந்ததும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைப்பதும் உண்டு. தாளத்தைக் கையில் போட்டுக்கொண்டே காத்திருப்பவருக்கு அந்தக் கணம் வருவது முன்கூட்டியே தெரிந்துவிடும். அதனால், அடுத்த திருவிழாவில் முதல் அரைமணி நேரம் கேமராவை எடுக்காமல் வாசிப்பை மட்டும் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டு வளவில் மாலையில் நடந்த வீணைக் கச்சேரியில் நான் எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் முகம் கருத்தும், விளக்குப் பக்கம் மஞ்சளாகவும், மறுபக்கம் நீலமாகவும் விழுந்துள்ளன. காரணம் என்ன?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: வீணையால் பெயர்பெற்ற காரைக்குடி சகோதரர்களின் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி. காரணம் உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. கேமராவின் ஒளிமானி தான் பார்ப்பது எதுவானாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்கவே முயலும். செட்டிநாட்டு வீட்டின் பளபளக்கும் வெண்சுண்ணச் சுவரும் வெள்ளை வேட்டியும் சட்டத்தில் நிறைந்திருந்தால், வெளிச்சம் மிகுந்துவிட்டது என்று எண்ணிப் படத்தையே இருட்டாக்கிவிடுகிறது. அத்தகைய இடத்தில் கேமராவின் வெளிச்சத் திருத்தத்தை (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) +1 என வையுங்கள். கறுப்புத் திரை கட்டிய மேடையில் இதற்கு நேர்மாறாக, முகம் வெளுத்துப் போகாமலிருக்க −1 வைக்க வேண்டியிருக்கும். வாசிப்பவரைச் சுவரை ஒட்டி அமர்த்தாமல், பின்னால் தேக்குத் தூண்கள் தெரியும்படி அமரச் சொன்னால் இந்தச் சிக்கலே குறைந்துவிடும்.

நிறக் குழப்பத்துக்குக் காரணம் இரண்டு வகை விளக்குகள். ஒளி மஞ்சளா நீலமா என்பதை அளக்கும் நிறவெப்பம் (எண் கூடக் கூட நீலம்) குத்துவிளக்குச் சுடருக்கு ஏறத்தாழ 1,900 கெல்வின். வெண்ணிற டியூப்லைட்டுக்கு அது 6,500 கெல்வின் வரை இருக்கும். எந்தக் கேமராவாலும் இரண்டையும் ஒரே நேரத்தில் சரிசெய்ய இயலாது. டியூப்லைட்டை அணைத்துவிட்டு மஞ்சள் பல்பு ஒன்றைப் பக்கவாட்டில் எரியவிடுங்கள். ரா (கேமரா பதிவுசெய்ததை அப்படியே வைத்திருக்கும்) கோப்பாக எடுத்து நிறத்தைப் பின்னர் திருத்தலாம்; ஆனால் மஞ்சளை முழுவதுமாக நீக்கிவிடாதீர்கள், விளக்கொளியில் வீணை அந்த நிறத்தில்தான் இருந்தது.

கேள்வி: எல்.இ.டி. விளக்கு வைத்த மேடையில் எடுத்த படங்களில் குறுக்கே பட்டை பட்டையாகக் கருங்கோடுகள் விழுகின்றன. கேமரா பழுதா?
– ஒரு வாசகர், திருப்பத்தூர்

பதில்: பழுதில்லை. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று ஓடுவதால், பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி எரிகின்றன. ஒலியில்லாத மின்னணு ஷட்டர் படத்தை வரி வரியாகப் பதிவு செய்வதால், விளக்கு மங்கிய நேரத்தில் பதிவான வரிகள் கருக்கின்றன. சாதாரண ஷட்டருக்கு மாறி, 1/100 அல்லது 1/50 நொடி வையுங்கள். சத்தம் கேட்குமே என்றால் கைதட்டலின்போது அழுத்துங்கள், ஆலாபனையின்போது வேண்டாம். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் மேடை விளக்குகள் இன்னும் வேகமாகத் துடிப்பதால், அங்கே கச்சேரி தொடங்கும் முன்பே நான்கைந்து வேகங்களில் எடுத்துப் பார்த்துக் கோடு விழாத வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.