வாசகர் கேள்வி – ஓவியர் பதில்: போர்க்களம் போகாத தளபதி

கேள்வி: 17-ஆம் நூற்றாண்டு ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸ் வரைந்த ஒலிவாரெஸ் பிரபுவின் குதிரை ஓவியத்தைப் பிரதி எடுக்கிறேன். குதிரை முன்னால் குப்புற விழப்போவது போலவே வருகிறது. எங்கே தப்பு?
(ஓவியக் கல்லூரி மாணவி, திருவல்லிக்கேணி)

பதில்: பெரும்பாலும் பின்னங்கால்களில்தான். முன்னங்காலைத் தூக்கிப் பின்னங்காலில் நிற்கப் பழக்கிய குதிரை அது. பின் மூட்டுகள் நன்றாக மடங்கி, பிட்டம் தாழ்ந்து, மொத்த எடையும் அங்கே இறங்கவேண்டும். காலை நேராக வரைந்தால் எடை முன்னால் சரியும். இன்னொன்று, குதிரையின் பின்புறம்தான் நமக்கு அருகில். பிட்டத்தைப் பெரிதாகவும் கழுத்தையும் தலையையும் சிறிதாகவும் போடத் துணியவேண்டும். தயங்கினால் மரக்குதிரைதான் வரும்.

அசல் சுமார் 313 செ.மீ. உயரம், 239 செ.மீ. அகலம். நீங்கள் 78 × 60 செ.மீ. துணி எடுத்தால் கால் பங்கு அளவு. கட்டம் போட்டுப் பிரதி எடுத்தால், அசலின் 20 செ.மீ. கட்டம் உங்களுக்கு 5 செ.மீ. துணிக்கு விலங்குப் பசை பூசாமல் அக்ரிலிக் ஜெஸ்ஸோ (வண்ணத்துக்கு முன் பூசும் வெள்ளை அடிப்பூச்சு) பூசுங்கள். சென்னைக் காற்றின் ஈரத்தை அந்தப் பசை உறிஞ்சும், துணி தொய்ந்துவிடும். வண்ணத்தின் அடி அடுக்கில் எண்ணெய் குறைவு, மேலே போகப்போக அதிகம். இந்த வரிசையை மாற்றினால் வெடிப்பு நிச்சயம். வார்னிஷுக்கு ஆறு மாதமாவது பொறுங்கள்.

கேள்வி: அதே ஓவியத்தில் ஒலிவாரெஸ் கையில் கோல், மார்பில் கவசம், குறுக்கே சிவப்புப் பட்டை. அவர் எந்தப் போரில் வென்றார்?
(வாசகர், பெரம்பூர்)

பதில்: எதிலும் இல்லை! ஸ்பெயின் நாட்டு நான்காம் ஃபிலிப் மன்னரின் முதன்மை அமைச்சர் அவர். படை நடத்தியதே கிடையாது. கோலும் பட்டையும் தளபதிக்குரிய அடையாளங்கள், அவ்வளவுதான். தூரத்துப் புகை, 1638-இல் எல்லை ஊரான ஃபுவென்தெர்ராபியாவில் பிரெஞ்சுப் படையை ஸ்பெயின் வென்றதைச் சொல்கிறது என்பார்கள். அப்போதும் அவர் தலைநகர் மாத்ரிதில்தான் இருந்தார். 1769-இல் அரச சேகரிப்புக்கு வந்த இந்த ஓவியம் இப்போது மாத்ரித் நகரின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இடது கீழ் மூலையில் ஒரு தாள் கிடக்கிறது பாருங்கள், கையெழுத்துக்கான இடம். அதை வெறுமையாகவே விட்டுவிட்டார் வெலாஸ்கெஸ். என்ன தெனாவெட்டு!

கேள்வி: அதே ஓவியரின் நான்காம் ஃபிலிப் படத்தில் குதிரைக்குக் கூடுதலாகக் கால் தெரிகிறதே, அச்சுப்பிழையா?
(வாசகி, மயிலாப்பூர்)

பதில்: இல்லை. முதலில் வரைந்த பின்னங்காலை வேறு இடத்துக்கு மாற்றிப் பழையதன் மேல் பூசி மறைத்தார். ஈயத்திலிருந்து செய்யும் ஈய வெள்ளை நிறமி எண்ணெயோடு வினைபுரிந்து காலப்போக்கில் ஒளி ஊடுருவுவதாகிவிடும். அதனால் மறைத்த கால் மெல்ல எட்டிப்பார்க்கிறது.